விலாங்குக்கு ஒரு இன்ஜின்

“கிட்ட வராதே. புகைக்குழாய் சிவந்து கிடக்கு பாரு. பட்டா சட்டையோட தோலும் சேர்ந்து வந்துடும்.”

மெக்கானிக் அக்கா கத்தியதில் பாதிதான் விலாங்கின் காதில் விழுந்தது. பட்டறையின் நடுவே, இரும்பு மேடையில் போல்ட் போட்டு முடுக்கியிருந்த எட்டு சிலிண்டர் இன்ஜின், கூண்டில் அடைத்த மிருகம் மாதிரி கதறிக்கொண்டிருந்தது. கூரைத் தகரம் அதிர்ந்தது. ஆணியில் தொங்கிய ஸ்பானர்கள் ஆட்டம் போட்டன. அக்கா மட்டும் அசையவில்லை. லேப்டாப்பில் ஒரு கண், வெப்பமானியில் ஒரு கண். சட்டென்று விசையைப் பின்னுக்கு இழுத்தாள். சத்தம் அடங்கியது.

“மூணாவது சிலிண்டர்ல தட்டுது. பெட்ரோல் இன்னும் கொஞ்சம் கூடப் போகணும்.”

“எனக்கு ஒண்ணும் கேக்கலையே அக்கா.”

“உனக்குக் கேட்டா என்னைத் தேடி ஏன் வர்றே?”

விலாங்கு இளித்தான். துறைமுகத்தில் அவன் நிஜப் பெயர் பலருக்கு மறந்தே போய்விட்டது. தங்கத்தை அக்கரையிலிருந்து இக்கரைக்குக் கடத்துவதும், ரோந்துப் படையின் கைக்கு வந்து கடைசி நொடியில் வழுக்கிக்கொண்டு போவதும்தான் தொழில் என்பதால் விலாங்கு என்ற பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. ஆனால் கொஞ்ச நாளாக அவனுக்குத் தூக்கம் இல்லை. ரோந்துப் படைக்குப் புது போட் வரப்போகிறதாம். பறக்குமாம். மாட்டினால் பத்து வருஷம் உள்ளே. அந்தப் பயத்தில்தான் தன் ஊர்ப் பட்டறைகளையெல்லாம் விட்டுவிட்டு, மூன்று துறைமுகம் தள்ளி இந்த அக்காவின் வாசலுக்கு வந்து விழுந்தான்.

“ரோந்துக்காரங்களோட புது போட் எந்தக் கம்பெனின்னுகூட ஒரு பயலுக்கும் தெரியலக்கா.”

“யார் பண்றாங்களோ, நல்லாத்தான் பண்ணுவாங்க.” அக்கா லேப்டாப்பில் எதையோ தட்டினாள். “ஆனா ஒண்ணு. இந்த இன்ஜினைத் துரத்திப் பிடிக்கிற போட் இந்தக் கடல்லயே கிடையாது. எழுதி வேணா தரேன்.”

“அது போதும்கா. கழட்டிக் குடு, போட்டுல மாட்டிடலாம்.”

“அவசரப்படாதே. பிஸ்டன் வளையத்தை இன்னொரு தடவை பார்க்கணும். பத்து வருஷம் ஓடணும் இது.”

“எனக்கு இந்த ஒரு லோடு ஓடினாப் போதும்.”

“உனக்குப் போதும்,” என்றாள் அக்கா. கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். “இப்பச் சொல்லு. எத்தனை கிலோ ஏத்துவே? எந்த வழி? அலை முன்னாடி அடிக்குமா, பக்கவாட்டிலயா? அதை வெச்சுத்தான் புரொப்பல்லர் சைஸ் போடணும்.”

எடை, வழி, நாள், நேரம், வழியில் இருக்கும் தீவுக்கு எந்தப் பக்கமாகத் திரும்புவான் என்பது வரை விலாங்கு ஒப்பித்துவிட்டான். பெற்ற தாயிடம்கூடச் சொல்லாத சங்கதிகள். டாக்டரிடம் போய் வலி எங்கே என்பதை மறைக்க முடியுமா?

“வீட்டுக்காரரும் இதே தொழில்தானாக்கா?”

“அவருக்குக் கடல்ல வேலை. வாரத்துல ஒருநாள் வருவார். வந்தாலும் கனவுல போட் ஓட்டிட்டிருப்பார்.” மறுபடி விசையைத் தள்ளினாள். இன்ஜின் இந்த முறை கதறவில்லை. ஒரே சீராகப் பாடியது.

அந்த வாரமே, விடியும் வேளையில், விலாங்கு கடலைக் கிழித்துக்கொண்டு போனான். காலடியில் தங்கப் பெட்டி. காற்றில் கன்னம் ரெண்டும் காதுப் பக்கம் ஒதுங்கின. மனசுக்குள் அக்காவுக்குக் கோயில் கட்டிக் கும்பாபிஷேகமே நடத்தி முடித்துவிட்டான்.

தீவைச் சுற்றித் திரும்பியபோது இன்ஜின் ஒரு பெருமூச்சு விட்டது. நின்றுவிட்டது.

சாவியைத் திருகினான். கெஞ்சினான். வாயில் வந்த கெட்ட வார்த்தை அத்தனையையும் செலவழித்தான். தீவின் மறைவிலிருந்து ரோந்துப் படையின் பழைய படகு, ஆஸ்துமாக்காரன் மாதிரி இருமிக்கொண்டே வந்து ஒட்டி நின்றது. படையின் தலைவர் தாவி ஏறினார். தங்கப் பெட்டியை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. நேராக இன்ஜின் மூடியைத் திறந்தார்.

“ரிப்பேர் சார். அந்தப் பொம்பளை என்னை ஏமாத்திட்டா.”

“வாயை அளந்து பேசு. அவ என் வீட்டுக்காரி.” தலைவர் ஒரு ஒயரைச் செருகி, செல்போனில் ஏதோ எண்களை அழுத்தினார். “ரிப்பேர் எல்லாம் இல்ல. நீ சொன்ன வழியில, நீ சொன்ன இடத்துல தூங்கச் சொல்லி வெச்சிருக்கா. ஒரு கீறல்கூட விழக் கூடாதுன்னு நான்தான் கெஞ்சிக் கேட்டேன்.”

இன்ஜின் விழித்துக்கொண்டு மறுபடி பாடியது.

“அக்கா அக்கான்னு உருகினியாமே. அப்ப நான் உனக்கு மாமா முறை. மாமாகிட்ட என்ன வெக்கம், கையை நீட்டு.”

விலாங்கு நீட்டினான். ஆனால் ஆற்றாமை அடங்கவில்லை. “உங்க புது போட்டுல துரத்திப் பிடிச்சிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் சார். போயும் போயும் இந்த ஓட்டைப் படகுல வந்து... அந்தப் புது போட் எப்பத்தான் வரும்?”

“மேலிடத்துல கேட்டுக் கேட்டு நாக்கு வறண்டதுதான் மிச்சம், ஒண்ணும் நடக்கல. ஆனா ஒரு சட்டம் இருக்கு, கடத்தல்ல சிக்கின படகு பிடிச்ச படைக்கே சொந்தம்.” தலைவர் ஓட்டுநர் இருக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, ஸ்டீயரிங்கை ஆசையாகத் தடவினார். “வந்துடுச்சுப்பா. நீதானே ஓட்டிட்டு வந்தே.”