சிவப்புத் தொப்பிகள்

அந்த ஊர்ப் பெண் நீச்சலில் உலக சாதனை படைத்த மறுவாரமே, அவள் பழகிய குளத்தில் குழந்தைகள் வந்து குவிந்தார்கள். எல்லோர் தலையிலும் அவள் அணிந்த அதே சிவப்புத் தொப்பி, அதே கறுப்பு நீச்சல் கண்ணாடி.

"அண்ணே, எம் பொண்ணு பெனிட்டாவக் காணோம்!" ரோஸ்லின் குளத்தின் காவலரிடம் ஓடினாள்.

"எல்லாம் ஒரே அச்சால்ல இருக்குதுங்க! பதறாதம்மா." விசில் ஊதி எல்லோரையும் கரையேற்றினார். தண்ணீர் கலங்கியிருந்தது, அடி தெரியவில்லை.

"தொப்பியக் கழட்டுங்க!" என்று கத்திவிட்டு உள்ளே பாய்ந்தார்.

ஒவ்வொரு முகமாக வெளிப்பட்டது. ஒன்றும் பெனிட்டாவுடையது இல்லை. கரையின் கோடியில், எதுவும் காதில் விழாததுபோல் முதுகு காட்டி நின்ற ஒரு தொப்பி மட்டும் மிச்சம்.

கூப்பிட வாயைத் திறந்த ரோஸ்லின், திரும்பும் முகம் வேறாக இருந்துவிட்டால் என்று கூப்பிடாமல் நின்றாள்.