என்ட்ரி இல்லாத ஒழுங்கை

அம்பிட்டியவில் ஒரு குறுகலான ஒழுங்கைத் தெருவில் வீடு வாங்கும் முன் சுதேஷ் பொலிஸுக்கே போய் விசாரித்தான். அந்த ஒழுங்கையில் பத்து வருஷமாக திருட்டுப் புகார் என்று ஒரு என்ட்ரிகூடப் பதிவாகவில்லை என்றார்கள். பேரம் பேசாமல், கேட்ட விலைக்கே வாங்கிவிட்டான்.

குடிவந்த எட்டாம் நாள், பட்டப்பகலில், மனைவி சஞ்சீவனி கறிவேப்பிலை பறித்துவிட்டு வருவதற்குள் கேஸ் சிலிண்டரைக் காணோம். அடுப்பில் சோறு பாதி வெந்தபடி நின்றது.

"பத்து வருஷமா வராத திருடன் நம்மளத் தேடி வந்திருக்கான் பாரு!" என்று பொருமியபடி, சிலிண்டர் பில்லோடு சுதேஷ் பொலிஸுக்குக் கிளம்பினான்.

பக்கத்து வீட்டு ஹுஸைன் நானா ஓடிவந்து கேட்டை மறித்தார்.

"எங்க தம்பி போறீங்க?"

"என்ட்ரி போட, நானா. சிலிண்டரத் தூக்கிட்டானுங்க!"

"ஒரு சிலிண்டர்தானே? எங்கட தண்ணி மோட்டர் ரெண்டு தரம் போச்சு. எதிர்வீட்டு டீச்சருக்கு டீவி போச்சு. ஒங்களுக்கு வீடு வித்தவருக்கு ஆறு தரம் களவு. ஒருத்தராச்சும் வாயத் தொறந்தோமா?"

"ஏன் நானா?"

"என்ட்ரி போட்டா வீட்டு விலை எறங்கிடுமே! நாங்க எல்லாரும் வித்துட்டுப் போகத்தானே பாத்துக்கிட்டு இருக்கோம்."

அந்த நேரம் பார்த்து ஒரு கார் வந்து நின்றது. கண்ணாடியை இறக்கி ஒருவர் கேட்டார்:

"இங்க வீடு ஏதும் விலைக்கு இருக்கா? களவு பயம் எல்லாம் எப்படி?"

சுதேஷ் பில்லை மெதுவாகச் சட்டைப் பைக்குள் திணித்தான்.

"களவா? பொலிஸ்லயே கேட்டுப் பாருங்க சார். கேட்டுட்டு வேற எங்கயும் போகாதீங்க, நேரா நம்ம வீட்டுக்கு வாங்க!"