உயிரோடு இருப்பவர் கையெழுத்து

ஒரு கோடிப் பேர் கையெழுத்துப் போட்டால் அரசு அணுகுண்டுகளை அழித்தே ஆகவேண்டும். ஆனால் எண்ணும் நேரத்தில் உயிரோடு இருப்பவர்களின் கையெழுத்து மட்டுமே கணக்கில் சேரும். அதுதான் சட்டம். பன்னிரண்டு வருடமாக நானும் என் வீட்டுக்காரர் தேவசகாயமும் தெருத்தெருவாக அலைந்தோம். முதல் கையெழுத்து அவருடையது.

இன்று மாலை நாலு மணிக்கு எண்ணுகிறார்கள். புதிதாகக் கையெழுத்து வாங்கும் கெடு முடிந்துவிட்டது; கோடிக்கு மேல் ஆறு பேர்தான் அதிகம்.

தொண்டையில் செயற்கைச் சுவாசக் குழாயோடு ஆஸ்பத்திரியில் கிடக்கிற அவர், காலையிலேயே சிலேட்டில் ‘போதும்’ என்று எழுதிக் காட்டிவிட்டார்.

“குழாயை எடுத்திரலாமாம்மா?” என்றார் டாக்டர்.

“நாலு மணி வரைக்கும் விடுங்க சார்.”

கையெழுத்துப் போட்டவர் சாகக்கிடந்த எத்தனை வீட்டில் போய், ‘எண்ணுற வரைக்கும் விடுங்க’ என்று இதேபோல் சொல்லியிருக்கிறேன்!

மூன்றரைக்கு இயக்க அலுவலகத்திலிருந்து பொற்கொடி அழைத்தாள்.

“அக்கா, எண்ணுறதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிட்டாங்க. காலையிலேருந்து ஆறு பேர் போயிட்டாங்க. இப்ப சரியா ஒரு கோடிதான் இருக்கு. அண்ணனை...”

அவர் காதருகே குனிந்தேன். “இன்னும் நாலே நாள்தாங்க.”

அவர் புதிதாக எதுவும் எழுதவில்லை. அதே சொல்லுக்கு அடியில் ஒரு கோடு இழுத்தார்.

சிலேட்டை வாங்கி முந்தானையால் துடைத்தேன்.