தவறான எண்

குளியலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டதும் அவன் செய்தித்தாளை மடித்து வைத்தான். மனைவியின் செல்போன் சாப்பாட்டு மேசையில், தண்ணீர் ஜாடிக்குப் பக்கத்தில் கிடந்தது. மூன்று மாதமாக அவள் கையை விட்டு இறங்காத போன். இன்றைக்கு மறந்துவிட்டாள் போலிருக்கிறது.

அவன் டயர் கம்பெனியில் விற்பனை மேலாளர். எதிரே இருக்கிற ஆள் உண்மை பேசுகிறானா, கதை விடுகிறானா என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பது அவன் நினைப்பு. அந்தக் கணக்குப்படி மனைவி மூன்று மாதமாகக் கதை விட்டுக்கொண்டிருந்தாள்.

எல்லாம் அந்த வகுப்பில்தான் ஆரம்பித்தது. செல்போனில் ஓடுகிற சின்னச் சின்ன மென்பொருள் எழுதக் கற்றுத் தருகிறார்கள் என்று போய்ச் சேர்ந்தாள். ஆறு மணிக்கு வீட்டில் இருக்க வேண்டியவள் ஏழரைக்கு வந்தாள்.

கேட்டால், "கம்ப்யூட்டர் திரையில ஒரு போன் படம் வரும்ங்க. அதுல ஜம்முனு ஓடுது. நிஜ போன்ல ஏத்தினா முரண்டு பிடிக்குது. சார் கூட உக்காந்து சரி பண்ணிட்டு வந்தேன்" என்பாள்.

சார் கூட உட்கார்ந்து. அதுதான் அவன் தொண்டையில் முள்ளாகச் சிக்கியிருந்தது.

நேற்றுச் சாப்பிடும்போது கூட அந்தப் புராணம்தான். "நாம அழுத்துற ஒவ்வொரு பட்டனையும் போன் ஞாபகம் வெச்சுக்கிற மாதிரி எழுதலாம்ங்க. ஆஃப் பண்ணினாக்கூட அழியாது" என்றாள்.

"ம்" என்றான் அவன். கிடங்கு மேனேஜரிடமிருந்து அவனுக்கு ஒரு குறுஞ்செய்தி வந்திருந்தது. சோற்றில் கை வைத்தாலும் வேலை விடுவதில்லை. படித்து அழித்துவிட்டு, போனைப் பூட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை, முடிவு கட்டிவிட வேண்டியதுதான். ஆதாரம் சிக்கினால் அவளுடைய அண்ணனை வரவழைத்து, பெட்டி படுக்கையோடு அனுப்பிவிடுவது. பதினோரு வருஷக் குடித்தனம் இன்றோடு சரி.

போனை எடுத்தான். மென்பொருள் பட்டியலின் கடைசியில், முன்பு இல்லாத ஒரு படம் இருந்தது. சின்னதாக ஒரு பூட்டு. கீழே 'ரகசியம்' என்று பெயர் வேறு. திருட்டுத்தனத்துக்குப் பெயர்ப்பலகையா வைப்பார்கள் என்று பல்லைக் கடித்துக்கொண்டு அதை அழுத்தினான்.

நான்கு இலக்க எண் கேட்டது. பழக்கதோஷம், கட்டைவிரல் தானாக அவன் போனைத் திறக்கிற எண்ணைத் தட்டிவிட்டது. 'தவறான எண்' என்றது திரை.

அவள் பிறந்த வருஷத்தைப் போட்டான். தவறான எண். கல்யாணத் தேதியைப் போட்டான். அவளுடைய அண்ணன் வண்டி நம்பரைப் போட்டான். கடைசியில், மானத்தை விட்டு, அந்த வகுப்புத் தொலைபேசியின் கடைசி நான்கு எண்களையும் போட்டான். எதற்கும் மசியவில்லை.

கட்டின புருஷனுக்குத் தெரியாத எண் எதுவாக இருக்கும்? சாருடைய பிறந்தநாளோ?

உள்ளே தண்ணீர்ச் சத்தம் நின்றது. போனை ஜாடிக்குப் பக்கத்தில், கிடந்த மாதிரியே வைத்துவிட்டுச் செய்தித்தாளை விரித்தான். தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவள் முதலில் போனைப் பார்த்தாள். பிறகுதான் அவனைப் பார்த்தாள். அதையும் மனதில் குறித்துக்கொண்டான்.

மத்தியானம் கொஞ்சம் கண்ணயர்ந்தான். விழித்ததும் வழக்கம்போலத் தலையணைக்கு அடியில் கையை விட்டான். போன் இல்லை.

கூடத்துக்கு ஓடினான். மேசையில் இரண்டு போன்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். காலடியில் அவனுடைய பயணப் பெட்டி, மூடித் தயாராக நின்றது. அவன் வெளியூர் போவதோ செவ்வாய்க்கிழமை.

முந்திக்கொள்வது நல்லது என்று பட்டது. "அந்த ரகசியத்துக்குள்ள என்ன இருக்கு? முதல்ல அதைச் சொல்லு."

"உள்ள ஒண்ணும் இல்லீங்க. பூட்டு மட்டும்தான் எழுதியிருக்கேன்."

"அப்புறம் ஏன் எந்த நம்பர் போட்டாலும் தப்புங்குது?"

கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான். அவள் சிரிக்கவில்லை. கண் இரண்டும் அழுது சிவந்திருந்தன.

"எதைப் போட்டாலும் தப்புன்னுதான் சொல்லும். அதுக்குன்னு சரியான நம்பரே கிடையாது" என்றாள்.

பிறகு அவனுடைய போனை அவன் பக்கம் தள்ளினாள். "உங்க கிடங்கு மேனேஜர் மெசேஜ் அனுப்பியிருக்காங்க. நீங்க வாங்கிக் கொடுத்த வளையல் கைக்கு எடுப்பா இருக்காம்."

அவன் போனைப் பாய்ந்து எடுத்துக்கொண்டான். "அது... பூட்டித்தானே இருந்துச்சு. என் நம்பர் உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் தன் போனில் ஒரு பட்டனை அழுத்தி அவனிடம் திருப்பிக் காட்டினாள். அந்தச் சின்னத் திரையில் வகுப்புத் தொலைபேசி, அண்ணன் வண்டி, கல்யாணத் தேதி, பிறந்த வருஷம் என்று ஒன்றுவிடாமல் வரிசையாக நின்றன. எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், அவனுடைய எண்.

"காலையில நீங்களேதானே எழுதிக் கொடுத்தீங்க."