மூன்றாம் படுக்கை நோயாளி

“வாயே தெறக்கக் கூடாது. ஆபீசர் பக்கத்துல வந்தா லேசா முனகுங்க, போதும்” என்று சொல்லி, மூன்றாம் படுக்கைக்காரரின் கழுத்துவரை கம்பளியை இழுத்துவிட்டாள் சாராள்.

“முனகத்தானே? அதெல்லாம் பிரமாதமா முனகிருவேன்” என்றார் அவர், குரங்குக் குல்லாயைப் புருவம்வரை இறக்கிக்கொண்டு.

நர்சிங் உதவியாளர், லேப் டெக்னீசியன் பயிற்சி தரும் அந்தத் தனியார் கல்லூரிக்கு சாராள்தான் முதல்வர். அங்கீகாரத்தைப் புதுப்பிக்க இன்று ஆய்வு. செய்முறை வகுப்புக்கு வழக்கமாக வந்து படுக்கும் பொட்டிப்புரத்து ஆட்களோ, ஆடிச் சனிக்கிழமை என்று மொத்தமாகக் குச்சனூர் கோயிலுக்குக் கிளம்பிவிட்டார்கள். பாழாய்ப்போன ஆபீசருக்கும் வேறு நாள் கிடைக்கவில்லை. முதல் படுக்கையில் வாட்ச்மேன் சுருளியாண்டி, இரண்டாவதில் வேன் டிரைவர் பொன்னுராஜ். மூன்றாவதற்கு இவரைக் கெஞ்சிக் கூத்தாடிப் படுக்க வைத்திருந்தாள். அங்கீகாரம் போனால் அறுபது பெண்களின் படிப்பு அந்தரத்தில் தொங்கும்.

ஆபீசர் வந்தார். வரவேற்பறையில் மாட்டியிருந்த கல்லூரி விழாப் படங்களை நின்று நிதானமாகப் பார்த்தார்.

“நிறுவனர் எங்கம்மா? ரிப்போர்ட்ல அவர் கையெழுத்து இல்லாட்டி பரிசீலிக்கவே மாட்டாங்க.”

“மதுரைக்குப் போயிருக்காக சார். சாயங்காலத்துக்குள்ள வந்துருவாக.” சாராள் செய்முறை அறைக் கதவைத் திறந்தாள்.

செய்முறை அறையில் முதல் இரண்டு படுக்கைகளும் ஒழுங்காக முனகின. மூன்றாவதன் பக்கத்தில் ஆபீசர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

“பெரியவரே, இந்தக் காலேஜப் பத்தி உங்களுக்குத் தெரியுமா?”

முனகல் வரவில்லை. வாய் திறந்துவிட்டது.

“தெரியாமலா! போடி பஜார்ல நொடிச்சுப் போன ஜவுளிக்கடை சார் இது. அப்பன் வச்ச கடைய நாலே வருசத்துல மூடிட்டு, மறுமாசமே காலேஜத் தெறந்த மகராசன்தான் அந்த ஞானசிகாமணி. போர்டக்கூட மாத்தல. மேலேயே பெயிண்ட் அடிச்சான். இப்பவும் மழை பெஞ்சா ‘பட்டுச் சேலைகள்’னு தெரியும்.”

சாராள் இருமினாள். “பெரியவரே, ரெஸ்ட் எடுங்க.”

“இரும்மா. மொத பேட்ச்ல ஏழே பிள்ளைக சார். ஊசி போட்டுப் பழக ஆள் வேணுமே? கடையில சேல கட்டி நின்ன பொம்மையப் படுக்க வச்சான். ஏழு ஊசியும் ஒடிஞ்சுபோச்சு! அந்தாளு ரத்தத்தப் பாத்தா அங்கனயே மயங்கி விழுவான். அவனத் தூக்கித் தூக்கியே பிள்ளைக முதலுதவி கத்துக்கிருச்சுக.”

சுருளியாண்டியின் கம்பளி குலுங்கியது. அந்தக் குல்லாயைக் கழற்றி இவர் வாயில் திணித்தால் என்ன என்றிருந்தது சாராளுக்கு. இருபது வருடப் பாடு. ஒரே மூச்சில் மானத்தைக் கப்பலேற்றுகிறாரே!

“நிறுவனர் மேல அப்படி என்ன கோபம்?”

“பின்ன? பிளஸ் டூ உயிரியல்ல ரெண்டு தடவ பெயிலு சார் அவன்! ஆனா இங்கன படிக்கிற பிள்ளைக கெட்டிக்காரிக. அத மட்டும் எழுதிக்கங்க.”

“அதையும் பாத்துருவோம்” என்ற ஆபீசர், பக்கத்தில் நின்ற இரண்டாம் ஆண்டு மாணவி பெனாசிரைக் கூப்பிட்டார். “இவருக்கு பி.பி. பாரும்மா.”

கையில் பட்டையைச் சுற்றிப் பார்த்த பெனாசிரின் முகம் மாறியது. “நூத்தித் தொண்ணூறுக்கு நூத்திப் பத்து சார்.”

“ஏ ஆத்தா! எனக்குப் பிரஷரே கெடையாது. ஒழுங்காப் பாரு!” நோயாளி பதறினார்.

சாராள் பெனாசிரை முறைத்தாள். கெட்டிக்காரி என்று சொன்ன வாய் மூடவில்லை, அதற்குள் தப்பாகச் சொல்கிறாளே!

பெனாசிர் மறுபடி பார்த்தாள். “அதேதான் சார். இவுகள உடனே டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போகணும்.”

ஆபீசர் தானே பட்டையைச் சுற்றினார். அதே எண். ஃபைலில் ஏதோ எழுதினார்.

“மூணு படுக்கையில நிஜ நோயாளி ஒருத்தர்தான். அதப் பிள்ள கண்டுபிடிச்சிருச்சு. அங்கீகாரத்துக்குப் பரிந்துரை எழுதிட்டேம்மா.”

சாராளுக்குப் போன உயிர் வந்தது. “அப்ப, சாயங்காலம் நிறுவனர்கிட்டக் கையெழுத்து வாங்கி அனுப்பிரட்டுமா சார்?”

“அதுவரைக்கும் எதுக்கு?” என்ற ஆபீசர், பேனாவைத் திறந்து மூன்றாம் படுக்கைப் பக்கம் நீட்டினார்.

“எந்திரிக்காதீங்க ஞானசிகாமணி சார். படுத்துக்கிட்டே போடுங்க.”