நகலெடு, ஒட்டு

"கையால அடிச்சீங்களா? உண்மையைச் சொல்லுங்க!"

வெலிச்கோ உறுமிய உறுமலில் மேசைமேல் இருந்த காபிக் கோப்பைகள் எழுந்து நின்று மரியாதை செய்தன. எதிரே யோர்தான்கா அம்மாள் மடிக்கணினியை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"இல்ல தம்பி. உங்க வழிகாட்டிப் பக்கத்துல சொன்ன மாதிரியே நகலெடுத்து ஒட்டினேன். தளம் திறக்கவே மாட்டேங்குது. வெறும் வெள்ளைத்தாள் மாதிரி நிக்குது."

"வர்றவங்க எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. எங்கயாவது கூடிப் பேசி வெச்சுக்கிட்டு வர்றீங்களா?"

பெப்பெருடா என்பது இணையதளம் கட்டுவதற்கான இலவச மென்பொருள். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திறந்து பார்க்கலாம், திருத்தலாம். அதற்குப் பல்கேரிய மொழியில் வழிகாட்டி எழுதியவர் வெலிச்கோ. புதியவர்கள் சந்தேகம் கேட்கும் இணைய மன்றத்துக்கும் அவர்தான் காவல் தெய்வம். அருள் தருகிற ரகம் அல்ல, அரிவாளோடு நிற்கிற ரகம். அவர் போட்ட ஒரு பதிலைப் படித்துவிட்டு வார்னாவில் ஒரு பல் மருத்துவர் கணினி, கிளினிக் இரண்டையும் துறந்து ஆடு மேய்க்கப் போய்விட்டார் என்று கேள்வி.

மன்றத்தில் அழுது தீர்த்தவர்கள் கடைசியில் ரூசே நகரத்தில் இந்தக் காபிக் கடைக்கு வந்து சேர்வார்கள். வெறுங்கையோடு வர மாட்டார்கள். பாலாடைக்கட்டி வைத்துச் சுட்ட பானிட்சா, ராக்கியா என்கிற பழச் சாராயம், வீட்டில் செய்த தொத்திறைச்சி என்று ஏதாவது இருக்கும். வெலிச்கோ சொந்தக் காசில் காபி குடித்ததைப் பார்த்தவர்கள் யாரும் இன்று உயிரோடு இல்லை.

"நாளைக்குக் காலைல தேன் சந்தை தம்பி" என்றாள் யோர்தான்கா. "தளத்தோட முகவரியை எல்லா ஜாடிலயும் ஒட்டியாச்சு. அதைப் பாத்துதான் வெளியூர்க்காரங்க ஆர்டர் தருவாங்க. எங்க தேனீ வளர்ப்போர் சங்கத்துல, 'இந்தக் கிழவிக்குக் கம்ப்யூட்டர் ஒரு கேடா'ன்னு சிரிச்சாங்க. நானே முடிச்சுக் காட்டறேன்னு வாய் விட்டுட்டேன்."

"அவங்க சிரிச்சதுல என்னம்மா தப்பு?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த பிளாமென் நெளிந்தார். மன்றத்தில் வெலிச்கோவுக்கு உதவியாளர். வழுக்கைத் தலை, வங்கி உத்தியோகம், வெண்ணெய் மனசு.

"அண்ணே, பாவம். மன்றத்துலகூட மரியாதையாத்தான் கேட்டிருந்தாங்க."

"எது? 'வணக்கம், உதவி தேவை'ங்கிற தலைப்பா? வீடு பத்தி எரியுறப்போ தீயணைப்புக்காரனுக்கு போன் பண்ணி, 'வணக்கம், கொஞ்சம் சூடா இருக்கு'ன்னு சொல்ற மாதிரி!" வெலிச்கோ அம்மாளிடம் திரும்பினார். "தளம் தொடங்க ஒரு அமைப்புக் கோப்பு வேணும். அதுல என்னென்ன வரி வரணும்னு வழிகாட்டிப் பக்கத்துல போட்டிருக்கேன். மேல சிவப்பு எழுத்துல என்ன எழுதியிருக்கேன்?"

"கையால் அடிக்காதே, நகலெடுத்து ஒட்டு."

"அப்படித்தானே செஞ்சீங்க?"

"அப்படியேதான் தம்பி."

"அப்போ தப்பா நகலெடுத்திருக்கீங்க."

"நகலெடுக்கிறதுல எப்படித் தப்பு வரும்?"

"அதுக்குன்னு தனித் திறமை வேணும்மா. உங்ககிட்ட நெறைய இருக்கு."

யோர்தான்காவின் கண்கள் நிறைந்தன. போதிய அளவு நிறைந்துவிட்டதா என்று பார்த்துக்கொண்டு, வெலிச்கோ மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தார். விரல்களைச் சொடுக்கினார். அந்தச் சத்தத்தில் டான்யூப் நதிக்கரைப் புறாக்கள் ருமேனியாவுக்கே பறந்துவிட்டன. கோப்பில் இருந்ததை எல்லாம் அழித்துவிட்டு, அதே வரிகளைப் பக்கத்தைப் பார்க்காமலே கடகடவென்று அடித்தார்.

மஞ்சள் தேனீ ஒன்று திரையில் சிறகடித்தது. ஜாடிகள் வரிசை கட்டின. தளம் திறந்துவிட்டது!

"கை இல்ல தம்பி இது, மந்திரக்கோல்!" அம்மாள் இரண்டு ஜாடி தேனையும் ஒரு தட்டு பானிட்சாவையும் மேசையில் வைத்தாள். போகும்போது நின்று, "ஆனா நீங்க மட்டும் கையால அடிச்சீங்களே?" என்றாள்.

"ஆபரேஷனை டாக்டர் பண்ணலாம்மா. நோயாளி பண்ணக் கூடாது. கிளம்புங்க."

அவள் போனதும் பிளாமென் தன் மடிக்கணினியில் மூக்கு இடிக்கக் குனிந்து எதையோ தட்டித் தட்டிப் பார்த்தார். திடீரென்று துள்ளினார்.

"கண்டுபிடிச்சுட்டேன்ணே! தப்பு அவங்க மேல இல்ல. நம்ம வழிகாட்டிப் பக்கத்துலதான் இருக்கு! மூணாவது வரியில வர்ற 'ஓ', இங்கிலீஷ்ல வர்ற லத்தீன் எழுத்து இல்ல, பல்கேரிய எழுத்து! கண்ணுக்கு ரெண்டும் ஒரே வட்டம். கம்ப்யூட்டருக்கு வேற வேற. நகலெடுத்தா அந்தத் தப்பும் சேர்ந்தே வருது. அதான் அத்தனை பேருக்கும் வெள்ளைத்தாள். புதுசா அடிச்சா சரியா வந்துடுது!"

வெலிச்கோவின் கையில் இருந்த பானிட்சா பாதி வழியில் நின்றது. முகம் சுண்ணாம்பாக வெளுத்தது.

"நீங்க எழுதுறப்போ விசைப்பலகை பல்கேரியத்துல இருந்திருக்கும், கவனிச்சிருக்க மாட்டீங்க. எல்லாருக்கும் நடக்கிறதுதான், மனசுல வெச்சுக்காதீங்கண்ணே. இதோ திருத்தியும் போட்டுட்டேன்."

"வேற எங்கயாவது இருக்கா?" என்றார் வெலிச்கோ.

"இல்லண்ணே. அந்த ஒரு 'ஓ' மட்டும்தான்."

"நல்லாப் பாத்தியா?"

"பாத்துட்டேண்ணே."

வெலிச்கோ நிம்மதியாக மூச்சு விட்டு, பானிட்சாவை வாயில் போட்டுக்கொண்டார். மற்ற வரிகளில் அவர் பார்த்துப் பார்த்து நட்டுவைத்திருந்த பல்கேரிய எழுத்துகள் அத்தனையும் பத்திரமாக இருந்தன.