அடுப்படி வழியே ஒரு பாதை

நோவா பார்த்திருந்தால் பேழையை விட்டு இறங்கியிருக்கவே மாட்டார், இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் அப்படியொரு மழை. பண்ணைக்காரர் ஹோல்ராய்டின் பின்வாசலில் நிற்கிறேன். யாரும் நடக்கலாம் என்று அரசாங்க வரைபடத்தில் குறித்த பொது நடைபாதை அவர் அடுப்படிக்குள் புகுந்து முன்வாசல் வழியாக வெளியேறுகிறது. அந்தப் பாதையை வரைபடத்திலிருந்து நீக்க அவர் வழக்குப் போட்டார். நடைபயணச் சங்கத்தார் நாங்கள் ஊரையே திரட்டிப் போராடி, வழக்கில் ஜெயித்து அதைக் காப்பாற்றினோம். வருஷத்துக்கு ஒருநாள் படையெடுத்து வந்து இதில் நடப்போம். இன்று சங்கம் என்றால் நான் ஒருத்திதான்.

ஹோல்ராய்ட் கதவைத் திறக்கிறார். "மத்தவங்க எங்க, மேவிஸ்?" "பாதிப் பேர் கல்லறையில, மீதிப் பேர் முழங்கால் வலியில." உள்ளே ஒற்றைத் தட்டு காய்கிறது. கெட்டிலின் ஆவியில் ஜன்னல் வெளிச்சம் கலங்குகிறது. என் கண் நாற்காலிக்குப் போவதை அவர் பார்த்துவிடுகிறார். "தீர்ப்பு மறந்துபோச்சா? நடக்கத்தான் உரிமை, உக்கார இல்ல." நடக்கிறேன். ஆமையாக இருந்தால் என்னைத் தாண்டிப்போய் ஒரு தூக்கம் போட்டு எழுந்திருக்கும். அவரும் என் கையில் தேநீரைத் திணித்துவிட்டுக் கூடவே நடக்கிறார், என்னைவிட மெதுவாக. எவ்வளவு இழுத்தும் முன்வாசல் வந்துவிடுகிறது. வெளியே மழையும் ஆளில்லாத மேடும்தான். தாழ்ப்பாளில் கைவைத்தவர் திறக்காமல் என் பக்கம் திரும்புகிறார்.

"திரும்பி நடக்கவும் அதே தீர்ப்புல இடம் இருக்குல்ல?"